தொடக்கத்துக்கு ஐந்து கிலோ

விளையாட்டுச் சாமான் கடையில் அவளுக்கு எடையக்கா என்று பெயர். ஷூ பிரிவில் நிற்பவர்கள் வைத்த பெயர் அது. ஆளைப் பார்த்து வைத்ததில்லை, ஆள் ஒடிசலாகத்தான் இருப்பாள். மாடிப்படிக்குப் பின்னால், சுவர்க்கண்ணாடிக்கு எதிரே, டம்பெல்களை அடுக்கிவைத்த அந்த ரப்பர் நாற்றம் பிடித்த மூலை அவளுடைய ராஜ்ஜியம். அங்கே வந்து நிற்கிற யாரும் அவளைக் கேட்காமல் ஒரு கிலோவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

பெரும்பாலும் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள்தான் வருவார்கள். கல்யாணம் நிச்சயமானவன், தொப்பை விழுந்தவன், டாக்டர் மிரட்டி அனுப்பியவன். வந்ததும் நேராகப் பத்துக் கிலோவைப் போய்த் தொடுவார்கள். "எடுத்துக்கோங்க சார். கதவு சாத்தாம இருக்கிறதுக்கு முட்டுக்கொடுக்க நல்லா இருக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுவார்கள். பிறகு அவள் இரண்டு கிலோவில் ஆரம்பித்து, மூன்று, நாலு என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்வாள். கையைப் பார்க்க மாட்டாள், கழுத்தைப் பார்ப்பாள். பன்னிரண்டு தடவை தூக்க வேண்டும், கடைசி இரண்டு மூன்று தடவை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் தோள் காதை நோக்கி ஏறக் கூடாது, முதுகு வளையக் கூடாது. அதுதான் அவரவருக்கான தொடக்க எடை. தலைக்கு மேலே தூக்குவதற்கு அதைவிடக் குறைவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். பெண்கள் ஜிம் ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்து, பயிற்சி கொடுக்கிறவளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்த ஜிம் வேலைக்கு அவள் போனதே புருஷனை விட்டு வந்த பிறகுதான்.

புருஷன் மர சாமான் ஷோரூமில் மேற்பார்வையாளன். கை ஓங்க மாட்டான். ஓங்கியிருந்தால் காட்டுவதற்கு ஒரு காயமாவது மிஞ்சியிருக்கும். அவனுக்கு எல்லாம் நாக்குதான். அவள் கையைப் பிடித்து மேலே தூக்கி, தொங்குகிற சதையை விரலால் சுண்டிவிட்டு, "பிழிஞ்சு போட்ட துணி" என்பான். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால்தான் இதெல்லாம். ஏழு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. இருவரிடமும் குறையில்லை என்று டாக்டர் சொன்னார், ஆனால் அவனும் அவன் அம்மாவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது, வீட்டிலிருந்த மேசை நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காட்டி இது தேக்கு, இது வேங்கை என்று பெருமை பேசிக்கொண்டே வந்தவன், காபித் தட்டோடு நின்ற அவளையும் காட்டி, "இது மட்டும்தான் தேறாத சாமான். திருப்பி எடுத்துக்க மாட்டேங்குறாங்க" என்றான். வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மறுநாள் காலை ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.

விவாகரத்து முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். பழைய பக்கத்து வீட்டுக்காரி போட்டோவை அனுப்பிவைத்தாள், கேட்காமலேயே. அடுத்த வருஷம் இன்னொரு போட்டோ வந்தது. அதில் குழந்தை இருந்தது.

அவன் மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அந்தக் குழந்தைப் போட்டோ அவளை என்னவோ செய்தது. அவளைப் பற்றி அந்த வீட்டில் பேசியதெல்லாம் உண்மைதான் என்று யாரோ முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி இருந்தது. அவளை அறியாமலே அந்தப் புது மனைவிக்கு மனசுக்குள் 'புதுசு' என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தப் புதுசு ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள்.

கடையில் ஈ காக்கை இல்லாத நேரம். எடையக்கா துணியால் டம்பெல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரு பெண் வருவது தெரிந்தது. இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு. போட்டோவில் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்த தழும்பு. எடையக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, வீட்டுலயே எக்சர்சைஸ் பண்ண டம்பெல்ஸ் வேணும். நான் இதுவரைக்கும் பண்ணதே இல்ல. எத்தனை கிலோல ஆரம்பிக்கணும்?"

குரல் தணிந்து, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. முகத்தில் தெரிந்தவளைப் பார்த்த அடையாளம் எதுவும் இல்லை. சரி, இவளுக்கு நம்மைத் தெரியாது என்று எடையக்கா நினைத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் இரண்டு கிலோ ஜோடியை எடுத்து நீட்டினாள்.

"தூக்கிக் காட்டுங்க மேடம்."

புதுசு தூக்கினாள். ஆறாவது தடவையிலேயே தோள் காதுப் பக்கம் ஏற ஆரம்பித்தது. எட்டாவதில் கழுத்து நரம்பு புடைத்தது. இவளுக்கு ஒரு கிலோ போதும், மிஞ்சிப்போனால் ஒன்றரை. பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"குழந்தை இருக்கா?" என்று கேட்டாள், தெரியாதவள் போல.

"பத்து மாசம் ஆகுதுக்கா. பொண்ணு. எதையாவது புடிச்சு எழுந்து நிக்கிறா." அவள் முகம் ஒரு நொடி விளக்கேற்றினாற்போல் ஆனது. பிறகு அணைந்தது. "அவ பொறந்தப்புறம் உடம்பு விட்டுப்போச்சு. வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கார். என் கை..." சற்று நிறுத்தி, எடையக்காவின் கண்ணைப் பார்த்து, "பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்காம்."

எடையக்காவின் முகம் மாறியது. அந்த வார்த்தையை இன்னொரு வாயிலிருந்து கேட்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. சொல்லிவிட்டு அந்தப் பெண் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எடையக்கா யோசிக்கவில்லை. அவள் யோசித்தது ஒன்றே ஒன்றுதான்: இவளுக்கும் அதே பேச்சுத்தான், ஆனால் இவளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஒரு குழந்தை இருக்கிறது. எனக்கு?

இரண்டு கிலோவை வாங்கி இருந்த இடத்தில் வைத்தாள். குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஐந்து கிலோ ஜோடியை எடுத்து முன்னால் வைத்தாள்.

"ரெண்டெல்லாம் பொம்மை மேடம், குழந்தைங்க விளையாட. தொடக்கத்துக்கு அஞ்சு கிலோ."

"இவ்வளவா?"

"கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டப்படாம கை இறுகுமா? தலைக்கு மேல தூக்குங்க. தினமும் பண்ணணும், ஒரு நாள்கூட விடக் கூடாது. வலிச்சா நல்லதுன்னு அர்த்தம். வலிக்கலைன்னாதான் கவலைப்படணும்."

ஒவ்வொரு வார்த்தையும் தலைகீழ். அத்தனையையும் கனிவாக, அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். புதுசு மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். பையைத் தூக்கியபோது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் கை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். எடையக்கா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, தெரு திரும்பி மறைகிறவரை பார்த்தாள். எத்தனையோ நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூக்கு சட்டென்று திறந்துகொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இறங்கியது.

சில வாரம் கழித்துப் புதுசு மறுபடி வந்தாள், அதே பையோடு. முகம் கருத்திருந்தது.

"வலி தாங்கலக்கா. வலது தோள். தலை சீவக் கையை மேல தூக்க முடியல. நேத்து பக்கெட்டைத் தூக்குறேன், கை அப்படியே செத்துப்போச்சு."

இந்த வலி எது என்று எடையக்காவுக்குத் தெரியும். ஜிம்மில் பார்த்திருக்கிறாள். தசைநார் நைந்துகொண்டிருக்கிறது. இப்போது நிறுத்தினால் தானே ஆறிவிடும். நிறுத்தாவிட்டால் ஒரு நாள் அறுந்துபோகும். சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது என்பதும் உண்மைதான்.

"ரெண்டு கிலோவுக்கு மாத்திக்கலாமாக்கா?"

"மாத்திக்கலாமே" என்றாள் எடையக்கா. "தாராளமா மாத்திக்கலாம். மாத்திக்கிட்டுப் போய் வீட்டுல சொல்லுங்க, அஞ்சு முடியல, ரெண்டுக்கு வந்துட்டேன்னு. என்ன சொல்வார்?"

அவன் என்ன சொல்வான் என்பதை இருவருமே அந்த நேரத்தில் காதில் கேட்டார்கள். யார் முன்னால் சொல்வான், சொல்லும்போது உதடு எந்தப் பக்கம் கோணும் என்பதுவரை.

பை மறுபடி அவள் தோளுக்கே போயிற்று, நல்ல தோளுக்கு. ஆனாலும் அவள் போகவில்லை. பந்துகள் போட்டிருந்த வலைக்கூடையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"நீங்க தனியாவா இருக்கீங்கக்கா?"

"ஆமா."

"வாடகை வீடா? தனியா இருக்கிறவங்களுக்கு வீடு குடுக்குறாங்களா?"

"ஏன், உங்களுக்குப் பாக்கணுமா?" எடையக்கா வெடுக்கென்று கேட்டாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். புருஷனும் பிள்ளையும் உள்ளவள், ஒண்டிக்கட்டையின் குடித்தனத்தை விசாரித்துவிட்டுப் போய்ச் சந்தோஷப்படட்டும்.

"இல்ல, சும்மா. பயமா இருக்காதா?"

"எனக்கென்ன பயம்? புருஷனா, புள்ளையா? போங்க மேடம், நேரமாச்சு. இன்னைக்குப் பண்ணிட்டீங்களா? பண்ணலன்னா போய்ப் பண்ணுங்க. விட்டுட்டா பட்ட கஷ்டமெல்லாம் வீண்."

புதுசு போனாள்.

அதற்குப் பிறகு நீண்ட நாள் வரவில்லை. மழைக்காலம் வந்தது. ஈரக் காலோடு வருகிறவர்கள் மிதித்து மிதித்துக் கடைத் தரையே சேறாயிற்று. எடையக்கா ஓரிரு தடவை அவளை நினைத்தாள். பிறகு மறந்தும்போனாள். மறக்க முடிந்ததே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் புருவத் தழும்பு தெரிந்தது. இந்தத் தடவை பை இல்லை. வலது கை, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கியது. தலைமுடியை வாரக்கூட இல்லை, கழுத்தோடு ரப்பர் போட்டுக் கட்டியிருந்தாள்.

பெரியவர் போகிறவரை அவள் ஓரமாக நின்றாள். பிறகு கிட்டே வந்தாள்.

"தசைநார் அறுந்துபோச்சாம். ஆபரேஷன் பண்ணாலும் பழைய மாதிரி வராதாம்."

"அடடா. எப்படி..."

"குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கினேன். கை விட்டுப்போச்சு. கீழ விழுந்துட்டா." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஈரத் தரை. கையெலும்பு முறிஞ்சுது. இப்பக் கட்டுப் பிரிச்சாச்சு, சரியாயிட்டா. ஆனா என்கிட்ட குடுக்க மாட்டேங்குறாங்க. பெத்த குழந்தையைக் கீழ போட்டவன்னு சொல்லி என்னை வெளிய அனுப்பிட்டார். ரொம்ப நாளா சாக்குத் தேடிக்கிட்டு இருந்தார். கெடைச்சிருச்சு."

எடையக்கா கண்ணாடி ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க யாருன்னு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள் புதுசு.

எடையக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"சண்டை வரும்போதெல்லாம் மாமியார் சொல்லுவாங்க. 'இதுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா, வீட்டை விட்டு ஓடினா, இன்னைக்குக் கடையில இரும்பு வித்துப் பொழைக்கிறா, உனக்கும் அதே கதிதான்'னு. அவங்க பயமுறுத்தத்தான் சொன்னாங்க. எனக்கு அதைக் கேட்கக் கேட்கத் தெம்பா இருந்துச்சு. ஒருத்தி வெளிய வந்திருக்கா, செத்துப்போகல, சம்பாதிச்சுச் சாப்பிடுறா. அவகிட்ட போய்க் கேட்கணும், எப்படிக்கா வெளிய வந்தீங்க, குழந்தையோட வந்தா முடியுமான்னு கேட்கணும். அதுக்குத்தான் வந்தேன். டம்பெல்ஸ் வாங்க இல்ல."

"ஏன் கேட்கல?" எடையக்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எடுத்தவுடனே எப்படிக் கேட்குறது? அதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பிழிஞ்சு போட்ட துணின்னு. உங்க மூஞ்சி மாறுச்சு. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். இப்பச் சொல்லுவாங்க, இப்ப என் கையைப் புடிச்சுப்பாங்கன்னு நினைச்சேன். நீங்க குனிஞ்சு அஞ்சு கிலோவை எடுத்து வெச்சீங்க."

ஷூ பிரிவிலிருந்து யாரோ அளவு கேட்டுக் கத்தினார்கள். யாரோ பதில் கத்தினார்கள்.

"அப்ப எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க குடுக்குறாங்க, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், எந்த மடையன் உனக்கு இதைக் குடுத்தான்னு. அப்பத்தான் புரிஞ்சுது." அவள் எடையக்காவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "வீட்டுல அவர் திட்டும்போது மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுரும், திட்டுறார்னு. நீங்க சிரிச்சுக்கிட்டே பண்ணீங்க. கையைத் தொட்டுத் தொட்டு."

மன்னிப்பு என்கிற சொல் எடையக்காவின் வாயில் வந்து நின்றது. அதைச் சொல்லவிடாமல் புதுசு திரும்பி நடந்துவிட்டாள்.

அன்று பகலுணவு இடைவேளையில் எடையக்கா நேராக மர சாமான் ஷோரூமுக்குப் போனாள். அத்தனை வருஷத்தில் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. உள்ளே வார்னிஷ் வாசனை. அவன் ஒரு கட்டிலின் மேல் கையை ஊன்றி வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுச் சாவகாசமாக வந்தான்.

"என்ன, கட்டில் வாங்க வந்தியா? ஒத்தைக் கட்டில் அந்தப் பக்கம்."

"ஒரு விஷயம் சொல்லணும். குழந்தை விழுந்ததுக்கு உங்க..." உங்க மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை. "அவங்க காரணமில்ல. அவங்க கை போனது என்னாலதான். தூக்கவே முடியாத எடையை நான்தான் குடுத்தேன். வேணும்னே குடுத்தேன். வலிக்குதுன்னு வந்து சொன்னப்பகூட நிறுத்தச் சொல்லல. குழந்தையை அவங்ககிட்ட குடுத்துருங்க."

இன்னும் அவனை நீங்க என்றுதான் அவளால் அழைக்க முடிந்தது. அது அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் நம்பாத முகம். பிறகு மெல்ல மெல்ல உதடு கோணியது, அதே இடது பக்கம்.

"வேணும்னேவா?"

"ஆமா."

"நீயா? வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாதவளா இருந்தியே!" அவன் சிரித்தான். பொய்ச் சிரிப்பில்லை, மனசாரச் சிரித்தான். பக்கத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே விட்டான். "ஏழு வருஷம் என்கூட இருந்து ஒண்ணுமே கத்துக்கலன்னு நினைச்சேன். நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க."

"போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன். வக்கீல்கிட்ட சொல்றேன்."

"சொல்லு. வேலை போகும், கடைக்காரன் கழுத்தைப் புடிச்சுத் தள்ளுவான். அப்புறம்? எடை யார் குடுத்தா என்ன, குழந்தையைக் கீழ போட்டது அவதானே? ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டுக் குழந்தை வளர்ப்பாளான்னு கேட்டா என்ன சொல்லுவா?" எழுந்து சட்டையை நீவிக்கொண்டான். "என்னாலயே அவளை அசைக்க முடியல. என்ன சொன்னாலும் குழந்தையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நீ நோகாம முடிச்சுக் குடுத்துட்ட. உன்னைக் கல்யாணம் பண்ணதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்."

வாசல்வரை கூடவே வந்து, வாடிக்கையாளருக்குத் திறந்துவிடுகிற மாதிரி கதவைத் திறந்து பிடித்தான்.

அவன் சொன்னது அத்தனையும் அப்படியே நடக்கவில்லை. எடையக்கா புதுசின் வக்கீலிடம் போய்ச் சொல்லத்தான் செய்தாள். வக்கீல் கேட்டுக்கொண்டார், குழந்தை யாரிடம் என்கிற வழக்கு முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அம்மா குழந்தையைப் பார்க்கலாம் என்பதைமட்டும் வாங்கிக் கொடுத்தார். கடையில் விஷயம் கசிந்தது, ஆனால் வேலை போகவில்லை. முதலாளி அவளை டம்பெல் மூலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் பெட்டி எண்ணப் போட்டார். எடையக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை. எதுவுமே கூப்பிடுவதில்லை.

புதுசுக்கு அண்ணன் வீடு ஒன்று இருந்தது. அண்ணி இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு தன் பிள்ளைகளை அவள் மடியிலிருந்து எடுத்து அப்பால் உட்காரவைத்தாள். அன்று சாயங்காலம் புதுசு எடையக்காவின் அறை வாசலில் வந்து நின்றாள். தூளியில் ஒரு கை, மறு கையில் ஒரு பை.

"அன்னைக்குக் கேட்க வந்ததை இன்னைக்குக் கேட்குறேன். இடம் குடுப்பீங்களா?"

எடையக்கா விலகி வழிவிட்டாள்.

"இதோ பாருங்க, உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குப் போக வேற இடம் இல்ல" என்றாள் புதுசு, உள்ளே வந்துகொண்டே. "மன்னிப்புக் கேட்டுக்கிட்டு என் முன்னால அழவும் கூடாது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது."

அப்படியே இருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். எடையக்கா கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும், ரவிக்கையின் பின்கொக்கியை மாட்டிவிட வேண்டும், சோற்றைப் பிசைந்துகூடக் கொடுக்க வேண்டும். சில நாள் சிக்கெடுக்கும்போது முடி இழுபடும். எடையக்கா பதறிக் கையை எடுப்பாள். "இழுங்க, பரவாயில்ல" என்பாள் புதுசு, ஜன்னலைப் பார்த்தபடி. "உங்களுக்குப் பழக்கம்தானே."

எடையக்கா மறுபடி முதலிலிருந்து, நுனியிலிருந்து மேல்நோக்கி, மெதுவாகச் சிக்கெடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வருகிறபோதெல்லாம் புதுசு அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள். "என்னைப் பார்த்தா அழறா. அந்தக் குளியலறை ஞாபகமோ என்னவோ. மாமியார் காலைக் கட்டிக்கிறா." கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வாரம் நீங்களும் வாங்க. உங்க கைவேலையை நீங்களும் பார்க்கணும்ல" என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் போனார்கள். எடையக்கா ஏழு வருஷம் கூட்டிப் பெருக்கிய வாசல். கேட்டின் கொக்கிகூட மாறவில்லை. மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"ரெண்டும் ஜோடி சேர்ந்துடுச்சா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு. ஒண்ணு பெறாதது, ஒண்ணு பெத்ததைக் கீழ போட்டது" என்றாள். குழந்தையை முன்னறைத் தரையில் இறக்கிவிட்டு, கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே தொலைக்காட்சி ஓடியது. அவன் வெளியே வரவே இல்லை.

குழந்தை நடக்கக் கற்றிருந்தது. தத்தித் தத்தி நாலடி வந்தது. புதுசு தரையில் உட்கார்ந்து, நல்ல கையை நீட்டி, "வா கண்ணு, அம்மாகிட்ட வா" என்றாள். குழந்தை அந்தக் கையைப் பார்த்தது. தூளியைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அப்படியே திரும்பி, யாரென்றே தெரியாத எடையக்காவிடம் போய், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கியது.

எடையக்கா அசையவில்லை. புதுசைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"தூக்குங்க" என்றாள் புதுசு.

"நான்..."

"தூக்குங்க, கை வலிக்கும் அவளுக்கு. என்னால முடியாது. உங்களால முடியும்."

எடையக்கா குனிந்து தூக்கினாள். குழந்தை சிணுங்கவில்லை. பழகியவளிடம் போவதுபோல் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கம்மலைப் பிடித்து இழுத்தது. எச்சில் ஈரம் தோளில் பட்டது. இதற்காக அவள் அழுத நாட்களெல்லாம் இந்த வீட்டில்தான் கழிந்தன. கதவோரத்தில் மாமியார் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே உட்கார்ந்தபடி புதுசு பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எடையக்காவுக்குத் தாங்க முடிந்திருக்கும். குழந்தையை இறக்கிவிடலாம் என்று குனிந்தாள்.

"இறக்காதீங்க, அழுவா" என்றாள் புதுசு. "நேரம் முடியட்டும்."

எடையக்கா நின்றாள். குழந்தை தூங்கிப்போயிற்று.